பிளாட்பாரத்தின் எந்தப் பக்கம்?

செல்போனைத் தட்டினால் ஊரின் காற்றுத் தரம் இவ்வளவு என்று ஓர் எண் வந்து நிற்கிறது. பச்சை என்றால் நிம்மதி, ஆரஞ்சு என்றால் கொஞ்சம் கவலை. அந்த எண் பொய்யல்ல. ஆனால் நீங்கள் நடக்கும் தெருவில், உங்கள் மூக்குக்கு நேரே இருக்கும் காற்றைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. சென்னையில் ஆலந்தூர், வேளச்சேரி, மணலி, அரும்பாக்கம், பெருங்குடி என்று சில இடங்களில் தானியங்கி அளவீட்டு நிலையங்கள் இருக்கின்றன. ஆளுயரத்துக்கு மேலே வைத்த குழாய் வழியாக அவை காற்றை இழுத்து அளக்கின்றன. நுண்துகளுக்கு 24 மணி நேரச் சராசரியைப் போட்டுத்தான் குறியீடு கணக்கிடப்படுகிறது. பஸ் கிளம்பும்போது பின்னால் நின்று நீங்கள் வாங்கிய பத்து விநாடிப் புகை அந்தச் சராசரியில் கரைந்து போய்விடும். நுரையீரலில் அப்படிக் கரையாது.

நடப்பவர் உள்ளே இழுக்கும் அழுக்கு, காற்றில் எவ்வளவு இருக்கிறது, அங்கே எவ்வளவு நேரம் இருக்கிறோம், எவ்வளவு மூச்சு வாங்குகிறோம் என்பதைப் பொறுத்தது. சும்மா உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 முதல் 8 லிட்டர் காற்றை உள்ளே இழுக்கிறார். வேகமாக நடந்தால் அது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகிவிடும்.

தெருக்காற்றின் அழுக்கை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்த்தால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். ஒன்று, ஊர் முழுக்கப் பரவி நிற்கும் அழுக்கு. பிஎம் 2.5 என்று சொல்லப்படும், 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய நுண்துகளில் பெரும்பகுதி இந்த வகை. ஆலை, அனல் மின் நிலையம், குப்பை எரிப்பு, வாகனம் என்று எல்லாம் கலந்து வருவது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் இதற்கு ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்று வரையறுத்தது. இந்தியாவின் சட்ட வரம்பு 40. இந்த அழுக்கிலிருந்து பக்கத்துத் தெருவுக்குப் போய்த் தப்பிக்க முடியாது. அங்கேயும் அதே காற்றுதான்.

இன்னொன்று, சைலன்சரிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த புதுப் புகை. கரித்துகள், நைட்ரஜன் ஆக்சைடுகள், ஒரு மைக்ரோமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் சிறிய மீநுண்துகள்கள் ஆகியவை இதில் அடங்கும். இது சாலையில் அடர்த்தியாகவும், தள்ளிப் போகப் போக வேகமாகக் குறைந்தும் இருக்கும். லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் நெடுஞ்சாலைகளை ஒட்டி 2000களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். சாலையிலிருந்து காற்று வீசும் திசையில் 300 மீட்டர் தள்ளிப் போனதும், சாலைக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் சாதாரணக் காற்றுக்கும் அதற்கும் மீநுண்துகள் எண்ணிக்கையில் வித்தியாசமே தெரியவில்லை. அந்தச் சரிவின் பெரும்பகுதி முதல் நூறு மீட்டருக்குள் நடந்துவிடுகிறது. நடப்பவர் கையிலும், தெருவை வடிவமைக்கும் பொறியாளர் கையிலும் இருப்பது இந்த இரண்டாவது வகைதான். இந்தக் கட்டுரையும் அதைப் பற்றியதே.

இந்தப் புகை உண்மையிலேயே உடம்பைப் பாதிக்கிறதா, அல்லது வெறும் எரிச்சலா? லண்டனில் இதைச் சோதித்தார்கள். 60 வயதைத் தாண்டிய 119 பேரை, ஒரு நாள் ஆக்ஸ்போர்டு தெருவிலும் இன்னொரு நாள் ஹைட் பூங்காவிலும் இரண்டிரண்டு மணி நேரம் நடக்க வைத்தார்கள். ஆரோக்கியமானவர்களும் இருந்தார்கள்; நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள், இதய ரத்தக்குழாய் நோய் உள்ளவர்களும் இருந்தார்கள். ஆக்ஸ்போர்டு தெரு அப்போது பெரும்பாலும் டீசல் பஸ்களும் டாக்சிகளும் ஓடும் கடைத்தெரு. பூங்காவில் நடந்தவர்களுக்கு நுரையீரல் செயல்பாடு மேம்பட்டது, ரத்தக்குழாய்களின் விறைப்பு தளர்ந்தது. கடைத்தெருவில் நடந்தபோது அந்தப் பலன் பெரிதும் கிடைக்காமல் போனது. லான்செட் மருத்துவ இதழ் இந்த முடிவுகளை வெளியிட்டது. இரண்டு இடங்களுக்கும் இடையே பெரிய தூரம்கூட இல்லை. தெருவின் ஒரு முனையில்தான் பூங்கா தொடங்குகிறது.

இதைப் படித்துவிட்டு நடையையே விட்டுவிட வேண்டாம். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் போட்ட கணக்குப்படி, உலகின் பெரும்பாலான நகரங்களில் நடப்பதாலும் சைக்கிள் ஓட்டுவதாலும் வரும் நன்மை காற்று மாசின் தீமையை மிஞ்சிவிடுகிறது. டெல்லி மாதிரியான ஒரு சில ஊர்களில்தான் அளவு பார்க்க வேண்டியிருக்கிறது. கார் கண்ணாடியை ஏற்றிவிட்டால் தப்பித்துவிடலாம் என்பதும் அவ்வளவு சரியில்லை. முன்னால் போகும் வண்டியின் புகையைத்தான் உங்கள் காரின் காற்று வழி உள்ளே இழுக்கிறது.

சரி, எந்தப் பக்கம் நடப்பது?

இருபுறமும் கட்டடங்கள் வரிசையாக எழும்பி நிற்கும் தெருவைக் காற்றியல் வல்லுநர்கள் ஒரு பள்ளத்தாக்காகப் பார்க்கிறார்கள். கட்டடங்களின் உயரம் தெருவின் அகலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கை எட்டிவிட்டால், குறுக்கே வீசும் காற்று தெருவுக்குள் இறங்கிக் கழுவிக்கொண்டு போவதில்லை. மொட்டை மாடிகளின் மேலேயே வழுக்கிக்கொண்டு ஓடிவிடுகிறது. கீழே தெருவுக்குள் இருக்கும் காற்று தனியாகச் சுழலத் தொடங்குகிறது. தடுப்பணையில் வழிந்து விழும் தண்ணீருக்குக் கீழே ஒரு சருகைப் போட்டுப் பாருங்கள். அது ஓட்டத்தோடு போகாமல் சுவரை நோக்கியே திரும்பி வந்து சுற்றும். தெருவிலும் அப்படித்தான். மேலே காற்று கிழக்கிலிருந்து மேற்கே போனால், கீழே தரைமட்டத்தில் அது மேற்கிலிருந்து கிழக்கே திரும்பி வருகிறது. வரும் வழியில் வண்டிகளின் புகையை எல்லாம் வாரிக்கொண்டு வந்து கிழக்கு வரிசைக் கட்டடங்களின் காலடியில் கொட்டுகிறது.

இதைச் சென்னைக்குப் பொருத்திப் பார்த்தால் எதிர்பாராத விடை வருகிறது. பிற்பகலில் கடல் காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வருகிறது. வடக்கு தெற்காக ஓடும், இருபுறமும் நான்கைந்து மாடிக் கடைகள் நெருக்கமாக நிற்கும் சாலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கடல் இருக்கும் பக்கம்தான் சுத்தமாக இருக்கும் என்று தோன்றும். கணக்குப்படி, கடல் பக்கத்துப் பிளாட்பாரத்தில்தான் புகை அதிகம். எதிர்ப்பக்கத்தில், அதாவது மேற்கு வரிசைக் கடைகளின் முன்னால், மாடிக்கு மேலிருந்து இறங்கும் புதுக்காற்று முதலில் கிடைக்கிறது. கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் 1970களின் தொடக்கத்தில் கார்பன் மோனாக்சைடை அளந்தபோதே, தெருவின் இரண்டு ஓரங்களுக்கும் இடையே இந்த வித்தியாசம் தெரிந்தது. கோபன்ஹேகனில் ஆண்டுக்கணக்கில் அளந்து, தெருப் புகையைக் கணிக்கும் கணினி மாதிரியை உருவாக்கினார்கள்.

திறந்தவெளிச் சாலையில் இந்த விதி தலைகீழாகிவிடும். மெரினா கடற்கரையை ஒட்டிய காமராஜர் சாலையில் காற்று சுழல்வதற்கு எதிரெதிர்ச் சுவர்கள் இல்லை. அங்கே காற்று வரும் பக்கமே, அதாவது மெரினா பக்கமே நல்லது. கடலை நோக்கி ஓடும் ராதாகிருஷ்ணன் சாலையிலோ கடல் காற்று தெருவின் நீளவாக்கிலேயே புகுந்து பெருமளவு வாரிக்கொண்டு போய்விடும். அங்கே எந்தப் பக்கம் நடந்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. தென்மேற்குப் பருவக் காலத்தின் காலை நேரத்தில் மேற்குக் காற்று வீசும்போது, உயர்ந்த கட்டடங்கள் உள்ள தெருவில் மேற்குப் பக்கம் மோசமாகிவிடும். காற்றே இல்லாத நேரத்தில் வண்டிகள் கிளப்பும் கலக்கம்தான் தெருவை ஆள்கிறது, பக்கக் கணக்கு எடுபடாது. ஆக, மாலையில் கடைத்தெருவுக்குப் போகும்போது இந்தக் கணக்கைப் பயன்படுத்திப் பார்க்கலாம்; நாள் முழுக்க மனப்பாடமாகச் சுமக்க வேண்டாம். எந்தப் பக்கம் நடந்தாலும் சாலையோரக் கல்லை ஒட்டி நடக்காமல் கடைச் சுவரை ஒட்டி நடப்பது நல்லது. அதற்குக் காற்றுத் திசை தெரிய வேண்டியதில்லை.

நடப்பவருக்கும் வண்டிக்கும் நடுவே ஏதாவது ஒரு தடுப்பு இருந்தால்? டப்ளினில் லிஃபி ஆற்றங்கரையில் 2000ஆம் ஆண்டில் ஒரு மரப்பலகை நடைபாதை அமைத்தார்கள். சாலை, வழக்கமான பிளாட்பாரம், ஒரு குட்டைச் சுவர், அதற்கு அப்பால் ஆற்றின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பலகைப் பாதை. ஒரே சாலை, ஒரே வண்டிகள். டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் இரண்டிலும் நடந்து அளந்தபோது, சுவருக்கு அப்பால் நடந்தவர் உள்ளிழுத்த நுண்துகளும் ஹைட்ரோகார்பனும் கணிசமாகக் குறைந்திருந்தன. இடுப்பளவுச் சுவர் காற்றை நிறுத்திவிடாது. ஆனால் சைலன்சர் உயரத்தில் வரும் புகையை மேலே தூக்கிவிடுகிறது; அது உங்களிடம் வந்து சேர்வதற்குள் நல்ல காற்றோடு கலந்து நீர்த்துவிடும். அதே குழு, சாலையோரம் வரிசையாக நிறுத்திய கார்களும் இப்படி ஒரு தடுப்பாக வேலை செய்யக்கூடும் என்று காட்டியது. நம் ஊரில் கார்களைப் பிளாட்பாரத்தின் மேலேயே நிறுத்துவதால் அந்தப் பலனை நாம் எதிர்பார்க்க முடியாது.

செடி வேலியும் இதே வேலையைச் செய்யும், அடி முதல் நுனி வரை அடர்ந்திருந்தால். பிரிட்டனின் சர்ரே பல்கலைக்கழகத்தில் பிரசாந்த் குமாரின் குழு இதைப் பல கோணங்களில் ஆராய்ந்திருக்கிறது. கீழே வெறும் தண்டும் மேலே கொத்து இலையுமாக இருந்தால் புகை தண்டுக்கு நடுவே புகுந்து வந்துவிடும். நம் நெடுஞ்சாலைகளின் நடுவே அரளி வைக்கிறார்கள். அது எதிரே வரும் வண்டியின் விளக்கொளி கண்ணில் அடிக்காமல் இருக்க உதவும். நடப்பவருக்குப் பயன்பட வேண்டுமானால் வேலி சாலைக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே இருக்க வேண்டும்.

மரங்களின் கதை சிக்கலானது. ஒடுக்கமான, உயர்ந்த கட்டடங்கள் உள்ள தெருவில் கிளைகள் மேலே கூடிக்கொண்டால் புகை வெளியேறும் வழி குறையும் என்று காற்றியல் ஆய்வுகள் சொல்கின்றன. இதைப் படித்துவிட்டுத் தூங்குமூஞ்சி மரத்தை வெட்டக் கிளம்பினால் அது முட்டாள்தனம். சித்திரை வெயிலில் நிழல் இல்லாத சாலையில் யாரும் நடக்க மாட்டார்கள். நடக்காதவர் ஸ்கூட்டரை எடுப்பார். மரத்தை விட்டுவிட்டு வண்டியைக் குறைப்பதே சரியான கணக்கு.

தெருவில் மிக மோசமான இடம் சிக்னல். பிரேக் போட்டு நின்று, முடுக்கி, மறுபடி கிளம்பும் இடம். சர்ரே ஆய்வாளர்கள் ஒரு கார் பயணத்தை அளந்தார்கள். சிக்னல் சந்திப்புகளில் காத்திருந்த நேரம் மொத்தப் பயணத்தில் 2 விழுக்காடுதான். ஆனால் பயணத்தில் சந்தித்த மீநுண்துகளில் ஏறத்தாழ 25 விழுக்காடு அந்தச் சிறிய நேரத்தில் வந்தது. நடப்பவருக்குக் கண்ணாடி, கதவு எதுவும் இல்லை.

இங்கே ஒரு சட்ட விவரம் சொல்ல வேண்டும். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 112ஆவது விதி, வண்டியின் புகை கீழ்நோக்கியோ இடப்பக்கமாகவோ வெளியேறக் கூடாது, வலப்பக்கமாகவோ பின்பக்கமாகவோதான் போக வேண்டும் என்கிறது. நாம் இடது ஓரம் ஓட்டுகிறவர்கள், இடப்பக்கம்தான் பிளாட்பாரம். ஓரத்தில் நடப்பவரை அந்த விதி எப்போதோ நினைத்துப் பார்த்திருக்கிறது. மறந்து போனது, பாதிச் சாலையைக் கடந்து மீடியனில் நிற்பவரை. வண்டியின் வலப்பக்கம் அவருக்குத்தான். மீடியனில் நின்று இடைவெளிக்காகக் காத்திருப்பதை முடிந்தவரை தவிருங்கள். ஒரே மூச்சில் கடக்கும் அளவுக்கு நடப்போருக்கான பச்சை விளக்கு நேரம் தருவது போக்குவரத்துப் போலீஸின் பொறுப்பு. அந்த நேரம் பல இடங்களில் முதியவர் ஒருவர் பாதி வருவதற்குள் முடிந்துவிடுகிறது. அதை விபத்துப் பிரச்சினையாக மட்டும் பார்க்கிறோம். அது புகைப் பிரச்சினையும்தான். சிக்னலில் காத்திருக்கும்போது முதல் வரிசையில் சாலையோரக் கல்லின் மேல் நிற்காமல் இரண்டு மூன்று மீட்டர் பின்னால் நிற்பது சும்மா கிடைக்கும் லாபம்.

பஸ் நிறுத்தத்திலும் இப்படி ஒரு நுணுக்கம் உண்டு. அமெரிக்காவின் போர்ட்லாந்தில் நிழற்குடைகளை அளந்தபோது, திறந்த பக்கம் சாலையைப் பார்த்திருக்கும் நிழற்குடைக்குள் துகள் அதிகமாகவும், முதுகைச் சாலைக்குக் காட்டி நடைபாதைப் பக்கம் திறந்திருப்பதில் குறைவாகவும் இருந்தது. மூன்று பக்கம் அடைத்து ஒரு பக்கம் சாலைக்குத் திறந்துவிட்டால் உள்ளே வந்த புகைக்கு வெளியே போக வழி இல்லை. நம் நிழற்குடைகள் பெரும்பாலும் இந்த வகைதான். பின்சுவர் முழுக்க விளம்பரப் பலகை. அதை எடுக்கச் சொல்வது லேசான காரியம் இல்லை. பஸ் எங்கே வருகிறது என்று செயலியில் பார்த்துக்கொண்டு, வரும் வரை கொஞ்சம் பின்னால் தள்ளி நிற்கலாம். பஸ் கிளம்பும்போது அதன் வாலருகே நிற்க வேண்டாம்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம் நடைபாதையே. மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ், அதை ஒட்டி மூன்று பைக், அடுத்து யாரோ கொட்டிய கட்டட இடிபாடு. நடப்பவர் என்ன செய்வார்? சாலையில் இறங்குவார். சுவரை ஒட்டி நட, கல்லிலிருந்து தள்ளி நில் என்று இதுவரை சொன்ன அறிவுரை எல்லாம் அந்த இடத்தில் செல்லாக்காசு. ஓடும் பஸ்ஸுக்கும் நின்ற காருக்கும் இடையே, சைலன்சருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் அவர் நடக்கிறார். பிளாட்பாரம் அறுபடாமல் நீள்வதைத்தான் நான் காற்று மாசுக் கட்டுப்பாட்டின் முதல் வேலை என்று சொல்வேன். சென்னை மாநகராட்சி 2014இலேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. தி.நகர் பாண்டி பஜாரில் சாலையைச் சுருக்கிப் பிளாட்பாரத்தை அகலமாக்கிய நடைவீதி 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. அந்த அகலத்தில் நடப்பவருக்குத் தேர்வு இருக்கிறது: சாலையோரமாகவா, கடையோரமாகவா. பக்கத்துத் தெருக்களில் நடப்பவருக்கு அது இல்லை. பிளாட்பாரம் அடைபடுவதற்குப் பூக்கடைக்காரம்மாவைக் குறை சொல்வது எளிது. அவர் எடுத்துக்கொள்வது ஒரு கூடை இடம். ஒரு கார் எடுத்துக்கொள்வது பத்துச் சதுர மீட்டர்.

நேரத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு, அதிகாலைக் காற்று எப்போதும் சுத்தம் என்று. மார்கழி, தை மாதங்களில் இரவில் தரை குளிர்ந்து, குளிர்ந்த கனமான காற்று தரையோடு படிந்துவிடும். மேலே இருக்கும் வெதுவெதுப்பான அடுக்கு அதைக் கிளம்ப விடாது. பகலில் தடை உள்ள கனரக லாரிகள் இரவில்தான் நகருக்குள் ஓடுகின்றன. அந்தப் புகையும் அங்கேயே தங்கும். போகியன்று பழைய பொருள்களை எரிக்கும் புகை இந்த அடுக்குக்குள் மாட்டிக்கொண்டு, சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமான ஆண்டுகளும் உண்டு. வெயில் ஏறித் தரை சூடானதும் இந்தத் தேக்கம் கலைகிறது. பனிக்காலத்தில் பிரதான சாலையோரம் நடைப்பயிற்சி போகிறவர், குறிப்பாக வீசிங் உள்ளவர், உள்தெருவுக்கோ பூங்காவுக்கோ மாறிக்கொள்ளலாம்; இல்லையென்றால் ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பலாம்.

முகக்கவசம்? ஸ்கூட்டரில் போகும் பெண்கள் முகத்தைச் சுற்றிக் கட்டும் துப்பட்டா வெயிலையும் கண்ணுக்குத் தெரியும் தூசையும் தடுக்கும், புகையை அல்ல. என்95 வகை, 0.3 மைக்ரோமீட்டர் அளவுத் துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டைப் பிடிக்கும். முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தினால் மட்டும். தாடி இருந்தால் பொருந்தாது. நைட்ரஜன் டை ஆக்சைடு போன்ற வாயுக்களை அது பிடிப்பதே இல்லை.

குழந்தைகளின் உயரம் தனிப் பிரச்சினை. தள்ளுவண்டியில் இருக்கும் குழந்தையின் மூக்கு தரையிலிருந்து ஒரு மீட்டருக்கும் கீழே, சைலன்சருக்கு நெருக்கத்தில் இருக்கிறது. பெரியவரை விட 60 விழுக்காடு வரை அதிக மாசை அது சந்திக்கக்கூடும் என்று சர்ரே குழு 2018இல் எழுதியது. சிக்னலிலும் பஸ் நிறுத்தத்திலும் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொள்வது நம் ஊர் வழக்கம்தான். இந்த விஷயத்தில் அது நல்ல வழக்கம். பள்ளி வாசலில் இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருக்கும் ஏசி கார்களைப் பற்றிப் பள்ளிகள்தான் பேச வேண்டும். லண்டனிலும் பாரிஸிலும் பல பள்ளிகளின் வாசல் தெருவில், பள்ளி தொடங்கும், விடும் நேரங்களிலாவது, வண்டிகளுக்கு இடமில்லை.

பக்கம் மாறுவதும் பின்னால் தள்ளி நிற்பதும் நகர முடிந்தவர்களுக்கு. சிக்னலில் நாள் முழுக்க நிற்கும் போக்குவரத்துக் காவலருக்கும், அங்கேயே பூ விற்பவருக்கும், மேம்பாலத்தின் அடியில் டீ ஆற்றுபவருக்கும் அந்த வசதி கிடையாது. அவர்களுக்கு உதவுவது புகை வெளிவரும் இடத்திலேயே குறைவது மட்டும்தான். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரத்தில்தான் புது வண்டிகள் விற்கப்படுகின்றன. அதற்கு முந்தைய டீசல் வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2025 ஜூனில் சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. அவற்றின் பின்னால் நின்றால் புகை இல்லை. டயர் தேய்வதும் பிரேக் தேய்வதும் சாலையில் படிந்த தூசு கிளம்புவதும் மின்சார பஸ்ஸிலும் இருக்கும். அதனால் தெருக்களில் மின்சார பஸ் மட்டுமே ஓடும் காலத்திலும் அறுபடாத, அகலமான பிளாட்பாரம் தேவைப்படும். கூடவே வாரா வாரம் அந்தத் தூசை அள்ளும் துப்புரவு வண்டியும்.